டையை எடுத்துவிட்டால் பழைய நிறம் திரும்புமா?

மதுரைப் பக்கம் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் 29 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். இடுப்புக்குச் சற்று மேல் வரை, சுமார் 55 செ.மீ. நீளத்துக்கு முடி. போன தீபாவளியை ஒட்டி, நவம்பர் தொடக்கத்தில், பார்லரில் முழு முடிக்கும் பர்கண்டி நிறம் போட்டுக்கொண்டார். பள்ளியில் முகம் சுளித்ததால் ஜனவரி முதல் வாரம் 'அமோனியா இல்லாத' கருப்பு க்ரீம் டையை வீட்டிலேயே அடித்தார். வெயிலில் நின்றால் சிவப்பு தெரிகிறது என்று மார்ச் தொடக்கத்தில் 'மூலிகை கருப்பு மருதாணி' என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார். அரை மணி நேரத்தில் முடி மைக்கருப்பாகிவிட்டது. மறுநாள் மாலையே தலை அரிக்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் கண் இமைகள் வீங்கின, காதுக்குப் பின்னால் நீர் கசிந்தது. மெடிக்கல் ஷாப்பில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். பத்து நாளில் வீக்கம் அடங்கியது.

இப்போது ஜூன். வேர்ப்பக்கம் 3 செ.மீ. அளவுக்குச் சொந்த முடி வளர்ந்திருக்கிறது. அது மென்மையான கரும்பழுப்பு. கீழே இருப்பதோ மை பூசியது போன்ற கருப்பு. சீவும்போது கொத்தாக முடி உதிர்கிறது. ஆவணியில் தங்கைக்குத் திருமணம். அதற்குள் சாயத்தை வீட்டிலேயே எடுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறார். எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் போதுமா, மெடிக்கலில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசலாமா, ப்ளீச் பொடி வாங்கித் தானே செய்துகொள்ளலாமா, இணையத்தில் விற்கும் கலர் ரிமூவர் நல்லதா, சாயம் போனால் அரிப்பும் உதிர்வும் நின்றுவிடுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. சுவரில் அடித்த பெயின்ட்டைச் சுரண்டினால் பழைய சுவர் தெரிவது போல, டையை எடுத்தால் உள்ளே பழைய முடி பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முடியில் நடப்பது வேறு.

நிரந்தரச் சாயம் முடியின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. முடியின் வெளியே மீன் செதில் போல அடுக்கடுக்கான மேலுறை இருக்கிறது. டையில் உள்ள அமோனியாவோ, 'அமோனியா இல்லாத' டையில் அதற்குப் பதிலாகச் சேர்க்கும் எத்தனோலமைனோ அந்தச் செதில்களை உப்பித் திறந்துவிடுகிறது. பாரா-ஃபினிலீன்டையமின் (சுருக்கமாகப் பி.பி.டி.) போன்ற நிறமில்லாத சிறு மூலக்கூறுகள் அந்த வழியாக உள்ளே போகின்றன. கூடவே போகும் பெராக்சைடு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சிறு மூலக்கூறுகளைக் கோத்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக்குகிறது. பெரிதானவை வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. இரண்டு, உங்கள் முடியின் சொந்த நிறமியான மெலனினை ஓரளவு அழிக்கிறது. கருத்த முடியில் பர்கண்டி எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் இந்த இரண்டாவது வேலை அதிகமாகவே நடந்தாக வேண்டும். அதற்காகத்தான் பார்லரில் டையோடு கலக்க 6 அல்லது 9 சதவீதப் பெராக்சைடுத் திரவத்தை, அதாவது டெவலப்பரைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே பர்கண்டி பட்ட முடியில் பழைய கரும்பழுப்பு நவம்பரிலேயே குறைந்துவிட்டது. முடி உயிரற்ற இழை. போன மெலனினைத் திரும்ப உண்டாக்கும் வழி அதற்குள் இல்லை. இன்று சாயத்தை முழுக்க எடுத்தாலும் கீழே தெரியப்போவது செம்பு நிறம் கலந்த ஆரஞ்சுப் பழுப்பு. உங்கள் இயற்கை நிறம் இப்போது இருக்கும் ஒரே இடம் வேர்ப்பக்கத்து அந்த 3 செ.மீ. அதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை என்பேன். நீங்கள் கேட்டிருக்கும் வழிகளில் பெரும்பாலானவை முதலில் கெடுக்கப்போவதும் அதைத்தான்.

உங்கள் முடியின் வரைபடம்

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். இந்தக் கணக்கை வைத்து ஓர் இழையில் நடந்ததையெல்லாம் அளந்துவிடலாம். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், தையல் டேப்பை வேரில் வைத்துப் பாருங்கள். முதல் 3 செ.மீ. சுத்தமான சொந்த முடி. 3 முதல் 5 செ.மீ. வரை மார்ச் மாதப் பொடி மட்டும். 5 முதல் 7 செ.மீ. வரை ஜனவரி க்ரீமும் மார்ச் பொடியும். 7 செ.மீ.க்குக் கீழே நுனி வரை பர்கண்டி, க்ரீம், பொடி என மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக.

ஒரே தலையில் நான்கு விதமான முடி இருக்கிறது என்று அர்த்தம். ஒரே கலவையை எல்லாவற்றிலும் பூசினால் நான்கும் நான்கு விதமாக நிறம் மாறும். வீட்டில் சாயம் எடுக்கப் போய்த் திட்டுத் திட்டாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கை பழகாதது அதற்கு அடுத்த காரணம்.

அந்த வீக்கத்தை இலேசாக விடாதீர்கள்

நிறத்தைப் பற்றி மேலே பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், ஆனால் எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. சாயம் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலை அரிப்பு, இமை வீக்கம், காதோரம் நீர்க்கசிவு என்று வந்தால் அது பி.பி.டி. ஒவ்வாமைக்கே உரிய சித்திரம். இமைத் தோல் மிக மெல்லியது. அதனால் தலையில் பட்டதற்கு அங்கே முதலில் வீங்குகிறது.

'மூலிகைப் பொடிதானே, அதில் கெமிக்கல் ஏது, ஜனவரியில் போட்ட க்ரீம்தான் காரணமாக இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சுத்தமான மருதாணி செம்பழுப்பு நிறத்தைத்தான் தரும். கருப்பு வேண்டுமானால் அதற்குப்பின் அவுரிப் பொடியைத் தனியாகக் குழைத்து இன்னொரு முறை பூச வேண்டும், மணிக்கணக்கில் ஊற வேண்டும். வெறும் தண்ணீரில் குழைத்து அரை மணியில் மைக்கருப்பாக்கும் பொடியில் பி.பி.டி.யும் அதைக் கறுக்க வைக்கும் பேரியம் பெராக்சைடு போன்ற ஒன்றும் இருப்பது வழக்கம். பாக்கெட் இன்னும் இருந்தால் சிறிய எழுத்தில் அச்சிட்ட மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். பாரா-ஃபினிலீன்டையமின் என்ற பெயரோ 76060 என்ற நிற எண்ணோ இருந்தால் சந்தேகமே இல்லை. ஜனவரி க்ரீமுக்கும் இதில் பங்கு இருக்கலாம். முதலிரண்டு முறை ஒன்றும் செய்யாமல் உடலைப் பழக்கிவிட்டு, அடுத்த முறை வெடிப்பது இந்த வகை ஒவ்வாமையின் இயல்பு. 'முன்னாடி ஒண்ணும் ஆகலையே' என்பது இங்கே ஆறுதலாகாது. ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும், அடுத்தடுத்த முறை கடுமையாகவும் வரும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். முடிக்குள் இருக்கும் சாயம்தான் இப்போதும் அரிக்க வைக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறீர்கள். முழுதாகக் கோத்துக்கொண்டு அலசப்பட்ட சாயம் பொதுவாகத் தோலைத் தொந்தரவு செய்யாது. தீங்கு செய்தது பூசும்போது தோலில் ஊறிய, கோத்துக்கொள்ளாத பி.பி.டி. அது மார்ச்சோடு முடிந்தது. இப்போதும் அரித்தால் பொடுகு, பேன், பூஞ்சை என்று வேறு காரணம் தேட வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். வாசலினில் 1 சதவீதம் கலந்த பி.பி.டி.யையும் வேறு சில பொருள்களையும் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். முதுகு நனையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சிரமம். இதைத் திருமணத்துக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். அதுவரை எந்த டையும் வேண்டாம். காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கும் வீட்டுச் சோதனையும் உங்களுக்கு வேண்டாம். ஒருமுறை நீர் கசிந்தவர் அதைத் தானே செய்வது ஆபத்து. பி.பி.டி. ஒவ்வாமை இருப்பது உறுதியானால், தோலை மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த சில களிம்புகள், சல்ஃபா வகை மாத்திரைகள், கோயில் திருவிழாவில் போடும் கருப்பு மெஹந்தி ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொட வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்ட வழிகள்

எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் கலந்தால் பொங்கும். அந்தப் பொங்கலில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது உப்புத் தண்ணீர். தனியாகப் பூசினால் சோடாவின் காரம் மேலுறையைச் சொரசொரப்பாக்கும். எலுமிச்சைச் சாறோடு வெயிலில் உட்கார்ந்தால் நெற்றியிலும் கழுத்திலும் தோல் வெந்து கருமை படியலாம். உள்ளே கோத்துக்கொண்ட சாயத்தை இரண்டும் அசைக்காது. பாத்திரம் துலக்கும் திரவமும் அப்படித்தான். துணி வெளுக்கும் ப்ளீச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அது முடியின் புரதத்தையே கரைக்கும். கிட்டே கொண்டுவர வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு விஷயத்தில் சற்று நின்று யோசியுங்கள். மெடிக்கலில் புண் கழுவ விற்கும் பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம். பார்லர் டெவலப்பரின் அதே செறிவு, ஆனால் தண்ணீர் போல ஓடும். நடு முடியில் ஊற்றினால் தலைத்தோலுக்கும் நெற்றிக்கும் வழியும். பெராக்சைடு கோத்துக்கொண்ட செயற்கைச் சாயத்தை விட இயற்கை மெலனினை எளிதாக வெளுக்கும். அப்படியானால் மைக்கருப்பு நுனி அப்படியே இருக்க, நீங்கள் மூன்று மாதமாக வளர்த்த 3 செ.மீ. சொந்த முடி செம்பட்டையாகும். தலைச்சூடு பட்டு வேர்ப்பக்கம் வேகமாகவும் வெளுக்கும். திரும்பிப் போக இருந்த ஒரே வழியும் அதோடு அடைபடும்.

ப்ளீச் பொடி சாயத்தையும் எடுக்கும், மெலனினையும் எடுக்கும். வழக்கமான கலவை ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு டெவலப்பர், அதாவது 30 கிராமுக்கு 60 மி.லி. 55 செ.மீ. முடிக்கு இப்படிப் பல கிண்ணம் தேவைப்படும். முன்பக்கம் முடித்துப் பிடரிக்குப் போவதற்குள் முதலில் பூசியது காய்ந்து வேலையை நிறுத்தியிருக்கும், அல்லது அளவுக்கு மீறி வெளுத்திருக்கும். பிடரியைத் தானே பார்க்கவும் முடியாது. மூன்று சாயம் பட்ட நுனி ஏற்கெனவே பலவீனமானது. இதோடு உங்கள் ஊரின் போர்வெல் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடினநீரின் தாதுக்கள் முடியில் படிகின்றன. அவற்றில் செம்பு சிறிதளவு இருந்தாலும் பெராக்சைடோடு சேர்ந்து புரதத்தை வேகமாகச் சிதைக்கும். பொடிச் சாயத்தில் உலோக உப்புகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெராக்சைடு பட்டதும் கலவை சூடேறி நுரைத்து, முடி இற்றுப்போகும். ப்ளீச்சில் உள்ள பெர்சல்ஃபேட் உப்புகள் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பைத் தூண்டலாம், தோலிலும் ஒவ்வாமை தரலாம்.

இவ்வளவுக்கும் பிறகு கையில் கிடைப்பது ஆரஞ்சு முடி. அதன்மேல் மறுபடி கரும்பழுப்பு டை அடித்துத்தான் இயற்கை நிறம் போலக் காட்ட முடியும். மற்றவர்களுக்கு அது வழி. டையே தொடக் கூடாத நிலையில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கடைசிப் படி இல்லை. பாதியில் நிற்பீர்கள். ஆகவே ப்ளீச் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பார்லரிலும் வேண்டாம்.

கலர் ரிமூவர் இவற்றில் அறிவோடு செய்யப்பட்ட பொருள். கோத்துக்கொண்ட பெரிய மூலக்கூறுகளைத் திரும்பச் சிறிதாக்கி நிறமில்லாமல் செய்யும். மெலனினைத் தொடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம், அதிலுள்ள கந்தகச் சேர்மங்களின் வாசனை அது. ஆனால் நிறம் போனதாகத் தெரியும் அந்த நேரத்தில் சிறு மூலக்கூறுகள் இன்னும் முடிக்குள்தான் இருக்கும். 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் வெதுவெதுப்பான நீரில் அலசி வெளியேற்ற வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் முடித்தால், காற்றில் உள்ள ஆக்சிஜன் அவற்றை மறுபடி கோத்துவிடும், இரண்டு மூன்று நாளில் முடி மீண்டும் கறுக்கும். 'ரிமூவர் ஏமாற்று' என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். மருதாணி முடியின் புரதத்தோடு நேரடியாகப் பிணைவது. அதை ரிமூவர் எடுக்காது, உலோகச் சாயத்தையும் எடுக்காது. உங்கள் பொடியில் மருதாணி எவ்வளவு என்பதும் தெரியவில்லை.

ரிமூவர் நன்றாக வேலை செய்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போது வேரில் கரும்பழுப்பு, 3 முதல் 7 செ.மீ. வரை ஒரு பழுப்பு, அதற்குக் கீழே ஆரஞ்சு என்று மூன்று வளையங்கள் தெரியும். பிரிந்து வெளியேறும் சிறு மூலக்கூறுகள் உங்கள் தலைத்தோலில் வழிவதும் நல்லதில்லை. பேட்ச் டெஸ்ட் முடியும் வரை அதையும் ஒத்திப்போடுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது

கொஞ்சம் எதிர்மாறாகத் தோன்றும், ஆனால் யோசித்துப் பாருங்கள். நுனியில் இருக்கும் அந்த மைக்கருப்பு இன்று உங்களுக்கு உதவிதான் செய்கிறது. உள்ளே இருக்கும் ஆரஞ்சை அது மூடி வைத்திருக்கிறது. அதை உரித்தெடுக்காமல், வேரின் கரும்பழுப்போடு ஒத்துப்போகும் அளவுக்கு ஒரு படி மட்டும் மங்க விட்டால் போதும். வேர் கருமையாகவும் கீழே அதைவிடக் கருமையாகவும் இருப்பது, நரைமுடிக்காரர்களுக்கு வேர் வெள்ளையாகத் தெரிவது போலப் பளிச்சென்று கண்ணில் படாது. உங்களுக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது. பள்ளியில் யாரும் இனி கேள்வி கேட்கும் நிலையில் உங்கள் முடி இல்லை.

மங்க வைக்க வைட்டமின் சி வழியை முயலலாம். தலைத்தோலில் புண், வெடிப்பு, அரிப்பு எதுவும் இல்லாதபோது மட்டும். சாயம் போட்ட ஓரிரு நாளில் செய்தால் நன்றாக இறங்கும். மூன்று மாதம் கழித்துச் செய்யும் உங்களுக்குப் பலன் குறைவுதான், இறங்காமலும் போகலாம்.

முதலில் காதுக்குப் பின்னால் அடியிலிருந்து இருபது இருபத்தைந்து இழையை வெட்டி நூலால் கட்டுங்கள். அதை நனைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சற்று நீண்டு மறுபடி சுருங்கினால் முடிக்கு வலு இருக்கிறது. ரப்பர் போல நீண்டு அப்படியே நின்றாலோ அறுந்தாலோ இந்த முயற்சியும் வேண்டாம். வலு இருந்தால், வைட்டமின் சி பொடி (அஸ்கார்பிக் அமிலம்) கால் டீஸ்பூன், பொடுகு ஷாம்பு ஒரு டீஸ்பூன் குழைத்து அந்தக் கொத்தில் பூசி 30 நிமிடம் வைத்து அலசி, உலர்ந்த பின் ஜன்னலோரம் பாருங்கள். மாத்திரையைப் பொடித்துப் போடுவதானால் சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரை வேண்டாம். அதில் சர்க்கரையும் நிறமும் சேர்ந்து பிசுபிசுக்கும்.

சோதனைக் கொத்து சிவக்காமல் இலேசாக மட்டும் மங்கினால், தலையில் செய்யலாம். பொடி 15 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், ஷாம்பு 60 மி.லி. ஈர முடியில், வேரிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கீழே மட்டும் பூசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கலவை புளிப்பானது, கண்ணில் பட்டால் எரியும். பிளாஸ்டிக் கவர் சுற்றி 30 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நிறைய நீரில் அலசிக் கண்டிஷனர் போடுங்கள். இரண்டு வாரம் இடைவெளி விட்டு அதிகபட்சம் மூன்று முறை. நடுவில் சிவப்பு எட்டிப் பார்த்தால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே இருப்பது பர்கண்டியும் ஆரஞ்சும்தான்.

ஒவ்வொரு முறைக்கும் முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று டீஸ்பூன் எடுத்து நடுமுடியிலும் நுனியிலும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். சாயத்தை அது எடுக்காது, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீருக்கு, தாதுக்களைப் பிடித்து வெளியேற்றும் ஈ.டி.டி.ஏ. (EDTA) பட்டியலில் உள்ள ஷாம்பு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைத்தால் அதுவே பெரிய உதவி. சீயக்காயும் போடலாம், ஆனால் தேய்த்துப் பிசையாதீர்கள், நுனி சிக்கலாகி அறும்.

உடனே நிச்சயமான பலன் தருவது கத்தரிக்கோல். இப்போது 10 செ.மீ. வெட்டுங்கள். அதிக அடி பட்ட, அதிகம் கறுத்த பகுதி அதுதான். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3 செ.மீ. வெட்டிவந்தால், வளர்வதும் வெட்டுவதும் சமமாக, நீளம் குறையாமல் சாயம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகும். தோள் வரை வெட்டிக்கொள்ள மனம் வந்தால் காலம் பாதியாகும். 45 செ.மீ. நீளத்தை வைத்துக்கொண்டே முழுச் சொந்த முடி வேண்டுமானால் மூன்றரை ஆண்டு ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பேட்ச் டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால் கதவு சற்றுத் திறக்கும். அப்போது, நல்ல பார்லரில், குறைந்த செறிவு டெவலப்பரோடு போடும் டெமி-பெர்மனன்ட் (நாளடைவில் மங்கும்) வகையில், நிற எண் '1' என்று தொடங்கும் கருப்பைத் தவிர்த்து, '3' என்று தொடங்கும் அடர் பழுப்பைக் கேளுங்கள். பெட்டியில் 'நேச்சுரல் பிளாக்' என்று எழுதியிருப்பது நம் முடியின் இயற்கைக் கருமையை விட ஒரு படி கூடுதலாகத்தான் இருக்கும். மைக்கருப்பு வந்ததில் அதற்கும் பங்குண்டு. அடிபட்ட நுனி நிறத்தை அதிகம் குடிக்கும், அங்கே கடைசியில், சில நிமிடம் மட்டும் பூசச் சொல்லுங்கள்.

உதிர்வு

உதிர்ந்த முடியின் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு விழுந்தது. இல்லையென்றால் நடுவில் ஒடிந்தது. ஒடிவதற்குக் காரணம் சாயம், சூடு, முரட்டுச் சீப்பு. வேரோடு விழுவதென்றால், மார்ச்சில் தலைத்தோல் பட்ட அழற்சி காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட அடிக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மொத்தமாக உதிர்வது உண்டு. உங்கள் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. வேர்க்கால் சாகவில்லை, சில மாதங்களில் தானாகத் திரும்பும். செப்டம்பர் வரை குறையாவிட்டால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்த்துவிடுங்கள். உதிர்வுக்குப் பயந்து வாரக்கணக்கில் தலைக்குக் குளிக்காமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். விழவேண்டியவை தேங்கி ஒரே நாளில் கொத்தாக வந்து இன்னும் பயமுறுத்தும். வாரம் இரண்டு முறை குளியுங்கள்.

பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பி.பி.டி. வகைச் சாயம் உள்ள பொருளில், தோல் எரிச்சல் வரலாம், முன்சோதனை செய்ய வேண்டும், இமையிலும் புருவத்திலும் பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 'மூலிகை' என்று முன்பக்கம் போட்டுவிட்டு இதை விட்டிருந்தால், பாக்கெட், பில், அன்று எடுத்த போட்டோ ஆகியவற்றோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மிச்சப் பொடி வீட்டில் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108.

திருமண நாளுக்கு

திருமணத்துக்கு நான்கு வாரம் முன்போடு எல்லா முயற்சியையும் நிறுத்திவிடுங்கள். அதன்பின் எண்ணெய், ஷாம்பு, கண்டிஷனர் மட்டும். ஸ்ட்ரெயிட்டனர் போட வேண்டி வந்தால் 180 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அலங்காரம் செய்பவரிடம் உங்கள் ஒவ்வாமையை முன்கூட்டியே சொல்லி, கலர் ஸ்பிரே, புதிய டை, கருப்பு மெஹந்தி எதுவும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்கள். கைக்கு வீட்டு மருதாணி இலையை அரைத்து வையுங்கள். சவுரி வாங்கும்போது மைக்கருப்பில் எடுக்காமல், உங்கள் வேர்முடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதற்குப் பொருந்துவதை எடுங்கள். பின்னலில் நிற வித்தியாசம் அதிகம் தெரிவது உச்சியிலிருந்து நான்கு விரல் கீழே, பழையதும் புதியதும் சேரும் இடத்தில். மல்லிகைச் சரத்தை அந்த இடத்தில் குறுக்காக வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.